கார்டு ஐயாவுக்கு ஒரு கார்டு

பெரிய கம்பெனிகள் மறந்த ஆட்டக்காரர்களுக்கு அட்டை அடித்தவர்களின் கதை

(நமது பகுதி நேர நிருபர்)

பெங்களூரில் எங்கள் ரயில்வே குடியிருப்புப் பக்கம் கார்டு ஐயா என்றால் அது ஒருவரைத்தான் குறிக்கும். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து, பிறகு பாசஞ்சர் வண்டிக்கு வந்து, ஓய்வு பெற்றதும் குடியிருப்புக்குப் பின்புறமே சிறிய வீடு கட்டிக்கொண்டவர். 2022ஆம் ஆண்டு ரயில்வே நிர்வாகம் கார்டு என்ற பதவிப் பெயரை டிரெயின் மானேஜர் என்று மாற்றிவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டதால், கடைசிவரை எங்களுக்கு அவர் கார்டு ஐயாதான்.

சென்ற ஆண்டு தை மாதம் அவர் காலமானார். மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று வீட்டில் தேடியபோது ஆதார் அட்டையில் உள்ள படமும், பென்ஷன் புத்தகத்தில் உள்ள படமும்தான் கிடைத்தன. இரண்டிலும் அவர் யாரோ போல இருந்தார்.

“தம்பி, பந்து விளையாடின காலத்துப் படம் ஒண்ணு மன்றத்துல மாட்டியிருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. தேடித் தர முடியுமா?” என்று அவர் மனைவி என்னைக் கேட்டார்.

கார்டு ஐயா வேலைக்கு வந்ததே கால்பந்தால்தான். ரயில்வே அணியில் லெப்ட் அவுட்டாக ஆடியவர். நான் அந்தப் பழைய மன்றத்துக்குப் போய் விசாரித்தேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு குழுப் படத்தை எடுத்துக் கொடுத்தார்கள். பதினொரு பேர் நிற்கிறார்கள். இடமிருந்து இரண்டாவது ஆள் அவர். முகம் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். படத்தின் அடியில் பெயர்கள் எழுதியிருந்த பகுதியைக் கரையான் தின்றுவிட்டது.

அதே வாரம், அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். படத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு. கையால் வரைந்த ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் உருவம். “மாமா, இந்த மனுஷன் உசிரோட இருந்தப்போ இவருக்கு அங்க எந்தப் பெரிய கம்பெனியும் ஒரு அட்டை போடலை. ஓவியர் ஒருத்தர்தான் பின்னாடி போட்டார்” என்றான்.

அந்த அட்டையின் கதையைத்தான் வாசகர்களுக்குச் சொல்ல வந்தேன்.

சிகரெட் பெட்டியில் பிறந்த அட்டை

ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பது அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டை வைப்பானேன், ஒரு படம் போட்டால் வியாபாரம் பெருகுமே என்று நினைத்த கம்பெனிகள் பேஸ்பால் வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், நடிகைகள் என்று படம் அச்சிட்டன. அப்பா புகைத்த சிகரெட்டின் அட்டை பிள்ளையின் கைக்குப் போயிற்று. பிற்காலத்தில் சிகரெட் போய், மிட்டாயும் பபிள்கம்மும் வந்தன.

1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு வந்த ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் அட்டையும் இருந்தது. அவர் தம் படத்தைப் போட வேண்டாம் என்று தடுத்துவிட்டார். சிறுவர்கள் சிகரெட் வாங்கக் கூடாது என்பதற்காகத் தடுத்தார் என்பார் சிலர். கம்பெனி பணம் தராததால் தடுத்தார் என்பார் வேறு சிலர். எப்படியோ, அச்சு பாதியில் நின்றதால் அந்த அட்டை மிகச் சிலவே தங்கின. அவற்றில் ஒன்று 2022ஆம் ஆண்டு 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

அதே 2022ல் மிக்கி மேன்டில் என்பவரின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதை வெளியிட்டது டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி. அந்த வருடம் விற்காமல் தேங்கிய அட்டைப் பெட்டிகளை, 1960ஐ ஒட்டிப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தக் கம்பெனியில் அட்டைகளுக்குப் பொறுப்பாக இருந்த சை பெர்கர் பிற்காலத்தில் சொன்னார். ஒருவருக்குக் குப்பையாக இருந்தது இன்னொருவருக்குச் சொத்தாகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனால் இவையெல்லாம் பணக்காரர்களின் கதை. என் மருமகன் கொண்டுவந்த அட்டை வேறு ரகம். அது லட்சக்கணக்கில் அடித்ததல்ல. சொந்த ஆர்வத்தில் சில நூறு பிரதிகள் மட்டும் அடித்து, தெரிந்தவர்களுக்கும் தபாலில் பணம் அனுப்பியவர்களுக்கும் கொடுத்த ரகம்.

முந்நூறு செட்

1956ல் தன் போட்டிக் கம்பெனியான போமனை டாப்ஸ் விலைக்கு வாங்கிவிட்டது. அதன்பிறகு, 1980ல் நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை, பேஸ்பால் அட்டை என்றால் பெரும்பாலும் டாப்ஸ் அட்டைதான். ஆட்டக்காரர்களோடு அந்தக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. அது யாருக்கு அட்டை போடுகிறதோ அவர்தான் ஆட்டக்காரர். போடாதவர் பிள்ளைகளின் கண்ணுக்கே படமாட்டார்.

இந்தக் காலத்தில்தான் ராபர்ட் லாக்லின் என்ற கேலிச்சித்திரக்காரர் வருகிறார். 1967ல் அவர் ஒரு வேலை செய்தார். அமெரிக்காவின் பெரிய சாம்பியன் போட்டியான உலகத் தொடரின் வரலாற்றை ஆண்டுக்கு ஒன்றாகக் கறுப்பு வெள்ளைக் கேலிச்சித்திரமாக வரைந்து, அட்டைகளாக அச்சிட்டார். மொத்தம் 300 செட்தான். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையே அதைவிட அதிகம் அடிப்போம்.

பிளீர் என்ற பபிள்கம் கம்பெனி இதைக் கவனித்தது. டாப்ஸின் ஒப்பந்தத்தால் பிளீர் அன்றைய ஆட்டக்காரர்களின் படத்தைப் போட முடியாமல் இருந்தது. பழைய வரலாற்றுக்குத் தடை ஏது? 1970ல் லாக்லினின் உலகத் தொடர் அட்டைகளைத் தன் பபிள்கம்மோடு வெளியிட்டது. முந்நூறு செட் அடித்தவரின் கோடுகள் நாடு முழுவதும் போயின.

வேறு சிலரும் இதே வழியில் வந்தார்கள். 1972 முதல் டிசிஎம்ஏ என்ற சிறு நிறுவனம், சின்ன ஊர்களின் இரண்டாம் நிலை அணிகளுக்குச் சிறிய அளவில் அட்டை அடிக்கத் தொடங்கியது. இப்படிப்பட்ட அணிகளில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் பெரிய அணிக்குப் போகாமலே வேறு பிழைப்புக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு வாழ்நாளில் கிடைக்கும் ஒரே அட்டை அதுவாகவே இருக்கும். அப்படி 1981ல் பாடக்கெட் அணிக்காக அடித்த செட்டில் வேட் போக்ஸ் என்ற இளைஞரின் அட்டையும் இருந்தது. அவர் பிறகு பெரும் புகழ் பெற்று, 2005ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்.

சில ஊர்களில் போலீஸ் துறையும் அட்டை கொடுத்தது. 1979ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் வீரர்கள் படத்தோடு வந்த அட்டைகளின் பின்புறம் பிள்ளைகளுக்கு அறிவுரை அச்சிட்டிருந்தார்கள். போலீஸ்காரரைக் கண்டால் ஓடும் பிள்ளைகள் அட்டைக்காக அவரையே தேடிப் போனார்கள் என்றால் பாருங்கள்.

கல்லறைக் கல்லுக்கு முன்னால்

இனி அந்த மேசைமேல் இருந்த அட்டைக்கு வருவோம். அதில் இருந்தவர் பெயர் ஜோஷ் கிப்சன்.

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களம் இறங்கும் வரை, அறுபது ஆண்டுகளாகக் கறுப்பினத்தவர் யாரையும் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் சேர்த்ததில்லை. ஆகவே அவர்கள் தமக்கென்று தனி அணிகளும் லீக்குகளும் வைத்துக்கொண்டார்கள். 1920ல் ரூப் பாஸ்டர் என்பவரின் முயற்சியில் அப்படிப்பட்ட லீக் ஒன்று தொடங்கியது. சம்பளம் குறைவு, நாள் முழுவதும் பஸ்ஸில் பயணம், போகும் ஊரில் தங்க இடம் கிடைக்காது. இருந்தும் ஆட்டத்தில் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

அவர்களில் தலைசிறந்தவர் கிப்சன். ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் ஆடியவர். அவர் அடித்தால் பந்து மைதானத்துக்கு வெளியேதான் போகும் என்பார்கள். 1947 ஜனவரி 20ஆம் தேதி, 35 வயதில் அவர் இறந்தார். ராபின்சன் அந்தக் கதவைத் திறந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

பிட்ஸ்பர்க் நகரத்தில் அவரைப் புதைத்தார்கள். கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1972ல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்த பிறகும் அந்த இடம் அப்படியே கிடந்தது. 1975ல்தான் அங்கே பெயர்க்கல் வைத்தார்கள்.

லாக்லின், பழைய காலக் கறுப்பின நட்சத்திரங்கள் என்று தலைப்பிட்டு 36 அட்டைகள் வரைந்து வெளியிட்டார். அதில் கிப்சனும் உண்டு. வெளியான ஆண்டு 1974. கல்லறைக் கல்லுக்கு ஓராண்டு முன்னால் அட்டை வந்துவிட்டது!

பெரிய கம்பெனிகளுக்கு இந்த ஆட்டக்காரர்களால் லாபம் இல்லை. அரசாங்கம் கேட்டதா, ரசிகர்கள் மனுக் கொடுத்தார்களா? இல்லை. பேனாவும் மையும் வைத்திருந்த ஒருவருக்கு, இவர்கள் முகம் யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான். நான்காண்டு கழித்து, 1978ல், இன்னும் 36 பேரை வரைந்தார்.

2024ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கப் பெரிய லீக் நிர்வாகம் அந்தப் பழைய கறுப்பின லீக்குகளின் கணக்கையும் தன் அதிகாரபூர்வக் கணக்கோடு சேர்த்துக்கொண்டது. அன்று முதல், பேட்டிங் சராசரியில் எல்லாக் காலத்துக்கும் முதலிடம் ஜோஷ் கிப்சனுக்கு. அவர் இறந்து 77 ஆண்டு ஆகியிருந்தது.

ஒட்டி முடித்தார், விடைபெற்றார்

அடிப்பவர் ஒருவர் இருந்தால் பத்திரப்படுத்துபவர் ஒருவர் வேண்டுமல்லவா? அந்தப் பெருமை ஜெபர்சன் பர்டிக் என்பவருக்கு. சிராக்யூஸ் நகரத்தில் மின்சாரச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதத்தால் கைவிரல்கள் மடங்கிப் போனவர். அவர் சேர்த்த அட்டைகளும் பிற அச்சுத் துண்டுகளும் மூன்று லட்சத்துக்கு மேல். அதில் பேஸ்பால் அட்டை மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல்.

எந்த அட்டை எந்தக் காலத்தது, எதோடு வந்தது என்று எழுத்தும் எண்ணும் கொடுத்து 1939ல் ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். மேலே சொன்ன வாக்னர் அட்டையின் வரிசையை இன்றும் டி206 என்றுதான் சொல்கிறார்கள். அது பர்டிக் வைத்த பெயர். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு அவர் கொடுத்த எழுத்து அந்த டி.

1947 முதல் தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, வலிக்கும் விரல்களால் ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் அவர் இறந்தார்.

பரம்பரை இன்னும் அறுந்துவிடவில்லை. கேரி சியராட்கோவ்ஸ்கி என்ற ஓவியர், தந்தை இறந்தபின் அவரோடு பேஸ்பால் பேசும் வழக்கம் நின்றுபோனதைத் தாங்க மாட்டாமல், 2010ல் மறந்துபோன ஆட்டக்காரர்களை அட்டையாக வரையத் தொடங்கினார். 2015ல் அவை ஒரு புத்தகமாகவே வந்தன.

எது சொந்த அட்டை, எது போலி?

இதில் ஏமாற்று வேலையும் உண்டு. பழைய அட்டையைப் போலவே அச்சடித்து, டீத்தண்ணீரில் நனைத்து, உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துப் பழசாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். 1980களில் ஆட்டக்காரரின் அனுமதியும் லீக்கின் அனுமதியும் இல்லாமல் படம் போட்டு விற்ற அட்டைகளும் ஏராளமாக உலவின.

ஆகவே நல்ல சேகரிப்பாளர்கள் சில முறைகளை வைத்திருக்கிறார்கள். அட்டையை அடித்தவர் யார், எந்த ஆண்டு, எத்தனை பிரதி என்பதைப் பின்புறம் தெளிவாக அச்சிட வேண்டும். படம் எடுத்தவரிடமும், ஆட்டக்காரர் அல்லது அவர் குடும்பத்தாரிடமும் அனுமதி கேட்க வேண்டும். கம்பெனி முத்திரையையும் அணி முத்திரையையும் கேட்காமல் போடக் கூடாது. பழையது என்று சொல்லி விற்கக் கூடாது. இன்ன ஆண்டு இன்னார் அடித்தது என்று எழுதிய அட்டை, எத்தனை புதிதானாலும் போலி ஆகாது.

சுல்தான்பேட்டையில் 54 அட்டை

இதையெல்லாம் மருமகன் சொல்லி முடித்தபோது இரவு பதினொரு மணி. “மாமா, கார்டு தாத்தாவுக்கு நாமளே அடிச்சா என்ன?” என்றான்.

மறுநாள் அந்தக் குழுப் படத்தை எடுத்துக்கொண்டு அல்சூர் கௌதமபுரத்துக்குப் போனேன். பெலேவுக்குச் சிலை வைத்துக் கொண்டாடும் பேட்டை அது. நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடம். கார்டு ஐயாவோடு ஆடிய பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். கண் மங்கிவிட்டது. படத்தை வெயிலில் பிடித்து, முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் பெயர் சொன்னார். கார்டு ஐயாவையும் தன்னையும் சேர்த்து எட்டுப் பேருக்குப் பெயர் கிடைத்தது. மூன்று பேரை அவருக்கே நினைவில்லை. “போன வருஷம் வந்திருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ” என்றார்.

சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சிறிய அச்சகம். உரிமையாளர் நம்மவர். முகத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அதனால் அவர் கடையில் படம் வரையும் பையன் அதைப் பார்த்துப் பென்சிலால் வரைந்தான். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலக் கெட்டித் தாளில், இரண்டரைக்கு மூன்றரை அங்குல அட்டை 18 அடங்கும் என்று அச்சக உரிமையாளர் கணக்குப் போட்டார். மூன்று தாள், 54 அட்டை. வெட்டுக் கூலியோடு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பின்புறம் என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல். கார்டு ஐயா ஒரு கோலைப் பற்றி அடிக்கடி சொல்வார். நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து அடித்தது என்பார். வருடத்துக்கு வருடம் தூரம் கூடிக்கொண்டே போகும். “எத்தனை கெஜம்னு போடட்டும் சார்?” என்று அச்சகக்காரர் கேட்டார். அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தே பல நாள் ஆகியிருக்கும். அன்று சிரித்தார். “கோல் போட்டார்னு மட்டும் போடுங்க தம்பி. தூரம் அவருக்குத்தான் தெரியும்” என்றார். அப்படியே போட்டோம். பெயர், பிறந்த ஆண்டு, ஆடிய இடம், செய்த வேலை, அட்டை அடித்த ஆண்டு, 54 பிரதி. அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தோம். அவருடைய பேரன் ஆறாவது படிக்கிறான். கடையில் பாக்கெட்டில் விற்கும் கிரிக்கெட் அட்டைகள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறான். வகுப்பில் ஒருவன் நான்கு அட்டை தருகிறேன், உன் தாத்தா அட்டையைக் கொடு என்று கேட்டானாம். இவன் கொடுக்கவில்லை. “அது மொத்தமே 54தான் அங்கிள்” என்று என்னிடம் சொன்னான்.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் ஆடிய ஆட்டம் அது. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அவர் முகத்தைப் படத்தில் காட்டினால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அடையாளம் சொல்வார்கள்? ஒலிம்பிக்கில் கோல் அடித்தவருக்கே இந்த நிலை என்றால், மில் அணியிலும் ரயில்வே அணியிலும் பேட்டை அணியிலும் ஆடி ஓய்ந்தவர்களை யார் தேடப் போகிறார்கள்?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ சங்கக் கட்டிடத்துச் சுவரிலோ பழைய குழுப் படம் ஏதாவது இருந்தால், இன்றைக்கே இறக்குங்கள். பெயர் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் உடனே கேட்டு, பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். அட்டை அடிப்பது பிறகு ஆகட்டும்.

எங்கள் படத்தில் இன்னும் மூன்று பேருக்குப் பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படத்தை எடுத்துக்கொண்டு விசாரித்து வருகிறேன்.